கணக்குப்பிள்ளை போனில் டேட்டாபேஸ்

திருநெல்வேலி டவுன் மொத்தக் கடைக்கும் பேட்டை அரிசி ஆலைக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது: "ஏ தம்பி, அந்த ஸ்டாக் டேபிள நம்ம கணக்குப்பிள்ளையும் பாக்க மாதிரி செஞ்சு குடேன்." சரி அண்ணாச்சி என்று தலையாட்டிவிட்டு, பிரவுசரிலேயே டேட்டாபேஸைக் காட்டும் கன்சோலான பிஎச்பிமைஅட்மினை மும்பை சர்வரில் ஏற்றி லிங்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் பத்து நிமிட வேலை. மறுநாள் ஆக்சஸ் லாகைத் திறந்தால், ஊர் பேர் தெரியாத ஐபி முகவரிகள் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். பிஎம்ஏ, டிபிஅட்மின் என வழக்கமான பாதைப் பெயர்கள் எல்லாம் அங்கிருந்து தட்டும் பாட்களுக்கு (தானாக ஓடும் நிரல்களுக்கு) மனப்பாடம். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்று யோசிப்பதற்கு முன்னால், லாகின் பக்கமே வெளியாள் கண்ணில் படாதபடி செய்துவிட வேண்டும்.

பார்க்கப்போவது ஒன்றிரண்டு டெவலப்பர்கள் மட்டும் என்றால் வெப்பில் வைக்கவே வேண்டாம். கன்சோலை 127.0.0.1-இல் (சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டும் முகவரி) மட்டும் கேட்க வைத்து, எஸ்எஸ்எச் டனலில் (சர்வருக்குப் போகும் பூட்டிய பாதை) மைனஸ் எல் கொடுத்து லேப்டாப்பின் 8080 போர்ட்டை சர்வரின் 80-உடன் கோர்த்துக்கொண்டால், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 திறந்துகொள்ளும். விண்டோஸ் 10-லேயே எஸ்எஸ்எச் உண்டு. புட்டி மாதிரி தனி ஆப்பைத் தேடி அலைய வேண்டாம். இனி சொல்வதெல்லாம், டனல் என்றால் முழிக்கிற கணக்குப்பிள்ளைக்காக.

முதலில் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை வெளியாளுக்கு அடைத்துவிடுங்கள். கான்ஃபிக் கோப்பில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8 என்றால் எக்ஸ் புரோட்டோகால் என்ற இன்னொரு இணைப்பு முறைக்காக 33060 என்று இன்னொரு போர்ட்டும் திறந்திருக்கும். அதற்குத் தனி பைண்ட் அட்ரஸ் வரி. மாற்றி ரீஸ்டார்ட் செய்தபின் திறந்த போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் இரண்டும் எந்த முகவரியில் கேட்கின்றன என்று கண்ணால் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டும் ஆட்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 3306-ஐ மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். போர்ட்டை 3306:3306 என்று பப்ளிஷ் செய்தால் டாக்கர் தனக்கென்று ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளை எழுதிக்கொண்டு யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய்விடும். 127.0.0.1:3306:3306 என்றே எழுத வேண்டும்.

அடுத்தது எச்டிடிபிஎஸ் சான்றிதழ். கன்சோலுக்கென்று ஒரு சப்டொமைன் வைத்து, ஏ ரெக்கார்டை (டொமைன் பெயருக்கு ஐபிவி4 முகவரி சொல்லும் வரி) சர்வருக்குத் திருப்பி, செர்ட்பாட் கருவியை ஓட்டினால் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக 90 நாள் சான்றிதழ் தந்துவிடும். சப்டொமைனுக்கு விசித்திரமான பெயர் வைத்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுவதால், பெயரும் அப்போதே ஊரறிந்துவிடும்.

சான்றிதழ் வாங்குவதைவிடப் புதுப்பிப்பதில்தான் சிக்கல் அதிகம். பாதுகாப்பு என்று ஃபயர்வாலில் போர்ட் 80-ஐ ஆபீஸ் ஐபிக்கு மட்டும் விட்டுவைப்பார்கள். டொமைன் நம்முடையதுதானா என்று பார்க்கும் எச்டிடிபி வழிச் சோதனைக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அந்தப் போர்ட்டில்தான் வரும். எந்தெந்த ஐபிகளிலிருந்து வரும் என்ற பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை. மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடி, ஒரு காலையில் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். காலாவதியாகப் போகிறது என்று முன்பு மெயில் வந்துகொண்டிருந்தது. 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே 80 திறந்தே இருக்கட்டும், தடுப்பை வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் வையுங்கள். ரின்யூவை டிரை ரன்னில் (வெறும் ஒத்திகையாக) ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வெப்ரூட் முறை (சோதனைக் கோப்பை வெப் ஃபோல்டரில் வைப்பது) என்றால் டெப்ளாய் ஹூக்கில் (புதுப்பித்ததும் தானே ஓடும் கட்டளை) என்ஜின்எக்ஸ் ரீலோடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சான்றிதழ் டிஸ்கில் இருக்க, பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

தடுப்பு என்றதும் எல்லோரும் அனுமதித்த ஐபிகளின் பட்டியலுக்குப் போகிறார்கள். ஸ்டாட்டிக் ஐபி வாங்கிய ஆபீஸுக்கு அது நல்லதுதான். வீட்டு ஃபைபரில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபிக்குப் பின்னால் எத்தனையோ பேர். இன்னொன்று: ஐபிவி4 முகவரியை மட்டும் அனுமதித்துவிட்டு, டொமைனுக்கு ஏஏஏஏ ரெக்கார்டும் (ஐபிவி6 முகவரி சொல்லும் வரி) வைத்திருந்தால், போன் ஐபிவி6-இல் வந்து 403 (அனுமதி இல்லை) வாங்கிக்கொண்டு நிற்கும். "காலைல வந்துச்சு, இப்ப வரலியே" என்று கணக்குப்பிள்ளை சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை போனில் விபிஎன் ஆன வயர்கார்ட் ஆப் போட்டுக் கொடுப்பது என் முதல் தேர்வு. யுடிபி 51820 ஒன்று திறந்தால் போதும். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி. கன்சோலுக்கு அந்த உள் நெட்வொர்க் முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் சப்டொமைனின் ஏ ரெக்கார்டு வெளி ஐபியைக் காட்டினால் டிராஃபிக் வயர்கார்டுக்குள் போகாமல் வெளியே போய்விடும். ரெக்கார்டை உள் முகவரிக்குத் திருப்பி, சான்றிதழை டிஎன்எஸ் சோதனை (டொமைனில் ஒரு ரெக்கார்டு வைத்துக் காட்டுவது) வழியாக வாங்குவதே சுத்தம்.

அது முடியாத இடத்தில் பேசிக் ஆத், அதாவது வெப் சர்வரே முதலில் கேட்கும் பெயரும் பாஸ்வேர்டும். அதில் ஒரு பொல்லாத ஓட்டை உண்டு. பிஎச்பிமைஅட்மின் பாதைக்கான லொகேஷன் பிளாக்கில் மட்டும் ஆத் வரிகளை எழுதிவிட்டு, கீழே பிஎச்பி கோப்புகளுக்குத் தனி ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும்) லொகேஷன் வைத்திருப்பார்கள். என்ஜின்எக்ஸில் ரெஜெக்ஸுக்குத்தான் முன்னுரிமை. வெறும் பாதையை அடித்தால் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி இருக்கும். கடைசியில் இண்டெக்ஸ் பிஎச்பி என்று சேர்த்து அடித்தால் நேராக உள்ளே விட்டுவிடும். ஆத்தை சர்வர் பிளாக்கிலேயே எழுதி, சான்றிதழ் சோதனைப் பாதைக்கு மட்டும் ஆஃப் செய்யுங்கள். ஆத் பாஸ்வேர்டு கோப்பை எழுதும் எச்டிபாஸ்வேர்டு கட்டளையில் மைனஸ் சி முதல் ஆளுக்கு மட்டும். இரண்டாம் ஆளுக்கும் போட்டால் கோப்பைப் புதிதாக எழுதி முதல் ஆளைத் துடைத்துவிடும்.

பிஎச்பிமைஅட்மின் கான்ஃபிக்கில் ஆத் டைப் குக்கி, 32 பைட் ரேண்டம் புளோஃபிஷ் சீக்ரெட் (குக்கியைப் பூட்டும் சாவி), அலவ் ரூட் ஃபால்ஸ் (முழு அதிகார யூசரான ரூட் நுழையக் கூடாது) என்று வையுங்கள். செட்டப் ஃபோல்டரை நீக்கிவிடுங்கள். உபுண்டுவில் ரூட் என்று நுழைந்து 1698 பிழை வந்தால் அது கோளாறு அல்ல. அங்கே ரூட்டுக்கு பாஸ்வேர்டு இல்லை, சர்வரில் ரூட்டாக இருப்பவரை மட்டும் விடும் ஆத் சாக்கெட்தான். அதை மாற்றப் போகாமல், கணக்குப்பிள்ளைக்குத் தனி யூசர் போட்டு, வேண்டிய டேபிள்களில் செலக்ட் (பார்க்கும்) உரிமை மட்டும் கொடுங்கள். 24 நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது என்றால் லாகின் குக்கி வேலிடிட்டி 1440 விநாடி. கூட்டும்போது பிஎச்பியின் செஷன் ஜிசி மேக்ஸ் லைஃப்டைமையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் போனில் வைஃபையையும் வயர்கார்டையும் அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இண்டெக்ஸ் பிஎச்பி வரை முழு முகவரியை அடியுங்கள். 403 அல்லது 401 (பாஸ்வேர்டு கேட்பது) வர வேண்டும்; ரெக்கார்டை உள் முகவரிக்குத் திருப்பியிருந்தால் பக்கமே திறக்கக் கூடாது. பிஎச்பிமைஅட்மினின் லாகின் பெட்டி தெரிந்தால் லிங்கை அனுப்பாதீர்கள்.