கடைசி பஸ்ஸும் கடைசி நிமிடமும்

நேற்று கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச். 80-ஆவது நிமிடம், நம்ம பையன்கள் 0-1. பனி இறங்கி அந்தப் பக்கத்து கோல் போஸ்ட்டே தெரியவில்லை. எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் ஊருக்கு, கடைசி பஸ் ஆறு மணிக்கு, விட்டால் நடைதான். எழுந்தேன்.

"தோற்கும்போது ஓடுறவன் எல்லாம் ரசிகனா?" என்றான் மச்சான். அவனுக்கென்ன, பைக் இருக்கிறது!

2012 மே மாதம் இங்கிலாந்து லீக்கில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்திலும் இப்படித்தான். 90 நிமிடம் முடிந்தபோது குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (க்யூபிஆர்) அணியிடம் சிட்டி 1-2. அழுதுகொண்டே வெளியேறியவர்கள் உண்டு. 90 நிமிடத்துக்கு மேல் கூட்டித் தரும் இன்ஜுரி டைமில் சிட்டியின் ஜெக்கோ ஒரு கோல், அப்புறம் 93:20-இல் அகுவேரோ ஒன்று. 44 வருடம் கழித்து லீக் சாம்பியன்! அன்றைக்கு வெளியேறியவர்களில் எத்தனை பேர் பஸ்ஸுக்காகப் போனார்களோ பாவம்.

பஸ் டானிங்டன் தாண்டும்போது மச்சான் போன் அடித்தான். நான் எடுக்கவில்லை.