டயாலிசிஸ் வார்டில் ஜோனா லோமு

நவம்பர் 4, செவ்வாய்

குளச்சலில் விடியும் முன்பே மழை. திங்கள்நகர் வழியாக நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினோடு படுத்திருக்க வேண்டும். பேசிப் பேசி பேச்சும் தீர்ந்துவிட்டது. சரி என்று போனில் பழைய ரக்பி ஆட்டம் ஒன்றைப் போட்டேன்.

அண்ணன் கடற்கரை மணலில் கால்பந்தில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரம், ஆடி வளர்ந்தவர். நியூசிலாந்தின் ஜோனா லோமுவும் லெஃப்ட் விங்தான், 11ஆம் நம்பர். 1995 உலகக் கோப்பை அரையிறுதி, கேப் டவுன், எதிரில் இங்கிலாந்து. இங்கிலாந்து ஆட்டக்காரர் மைக் கேட் குறுக்கே வருகிறார். லோமு ஒதுங்கவே இல்லை, ஆள் மேலேயே ஏறிப் போய்விட்டார். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ஒரு ட்ரை. லோமு அன்றைக்கு மட்டும் நாலு ட்ரை, நியூசிலாந்து 45-29 என்று ஜெயித்தது.

“எலே மக்கா, இது ஃபவுல் இல்லியா?”

பந்து வைத்திருப்பவன் அப்படி மோதலாம், பந்து இல்லாதவனைப் பிடித்தால்தான் தப்பு என்றேன். கையால் முன்னால் பாஸ் கொடுக்கவும் கூடாது. “பின்னால குடுத்துட்டு எப்பிடில முன்னால போறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஓடியோ காலால் உதைத்தோதான் போக வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

இளநீர் கூடாது, ஏத்தன்பழம் கூடாது, கருவாட்டை நினைக்கவே கூடாது. கஞ்சித் தண்ணிகூட அளவில் சேரும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

நவம்பர் 8, சனி

லோமுவுக்கும் சிறுநீரக நோய் என்று இன்றுதான் அண்ணனிடம் சொன்னேன். உடனே எழுந்து உட்காரப் பார்த்தார், நர்ஸ் அதட்டினார்.

அந்தக் கேப் டவுன் ஆட்டம் நடந்த அதே 1995இன் கடைசியில்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் கசிந்து போய்க்கொண்டே இருக்கும், உடம்பில் நீர் கோக்கும். அண்ணனுக்கும் கால் வீக்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

மைக் கேட் விழுவதை மட்டும் வெட்டிப் போட்டுச் சுற்றவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நோய் தெரிந்த பிறகு 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை போட்ட மனிதர் அவர். 1995இல் போட்ட ஏழையும் சேர்த்தால் பதினைந்து. 2015இல்தான் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா அந்த எண்ணிக்கையைத் தொட்டார். என்னைக் கேட்டால் 1999 லோமுதான் பெரிய லோமு. பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு ட்ரை போட்டும் அணி தோற்றது. 1995 இறுதியிலும் கூடுதல் நேரத்தில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று ஜெயித்துவிட்டது. ஆக, உலகக் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஏழு பேர் ஆடும் ரக்பியில் தங்கம் வாங்கினார். 2002இல் கடைசி டெஸ்ட், அதாவது நாட்டுக்காக ஆடும் ஆட்டம். மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. அதன் பிறகு அவரும் டயாலிசிஸ் மிஷினுக்குத்தான் வந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

மிஷின் பழுது. காத்திருந்தே பாதி நாள் போச்சு. ஆட்டம் பார்க்க யாருக்கும் மனசில்லை.

நவம்பர் 13, வியாழன்

அண்ணி சிறுநீரகம் தருவதாக முடிவு செய்துவிட்டார். டெஸ்டுகள் நடக்கின்றன. லோமுவுக்கு 2004இல் கொடுத்தவர் கிராண்ட் கெரியாமா என்ற வானொலி அறிவிப்பாளர், நண்பர். இங்கே நண்பன் கொடுக்க வேண்டுமானால் 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி கமிட்டி அனுமதி வாங்க அலைய வேண்டும். மனைவி நெருங்கிய உறவு என்பதால் அந்த வழி கொஞ்சம் சுலபம்.

“ஆபரேஷனுக்குப் பொறவு ஆடினானா?”

ஆடினார். 2005 டிசம்பரில் கார்டிஃப் அணிக்காக மறுபடி இறங்கினார். புதுச் சிறுநீரகத்தை வழக்கமாக அடிவயிற்றில் வைப்பார்கள், விலா எலும்பின் காவல் அங்கே இல்லை. ஒரு முட்டு சரியாகப் பட்டால் போச்சு. மாற்றுச் சிறுநீரகத்தோடு ரக்பி ஆடியது துணிச்சலா, பிடிவாதமா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அண்ணனுக்கு முதலாவது.

“இப்ப எங்க இருக்கான்?”

மறைக்கவில்லை. வைத்த சிறுநீரகமும் சில வருடங்களில் கைவிட, திரும்ப டயாலிசிஸ். 2015 நவம்பர் 18 அன்று இறந்தார், 40 வயது.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். “ஆபரேஷனுக்குப் பொறவு பதினோரு வருஷம். கொறவா?” அப்புறம் அந்த பிரான்ஸ் ஆட்டத்தைப் போடச் சொன்னார்.

“டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், பொறவு கெடந்து பந்து விளையாடலாம்” என்று அண்ணி போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். ரிசல்ட் திங்கட்கிழமை.