நடுக் கதிரையில் இருப்பவர்: போருக்குப் பின் உரைபெயர்ப்பும் உளவும்

போர் ஓய்ந்த ஊரில் சீக்கிரமே தட்டுப்பாடாகிவிடுகிறவர்கள், ஒருவர் பேசுவதை அங்கேயே மற்ற மொழியில் சொல்லும் உரைபெயர்ப்பாளர்கள். வென்றவர், மேற்பார்வைக்கு வந்தவர், தகவல் திரட்ட வந்தவர் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவர்கள் தேவைப்படுகிறார்கள். 2009க்குப் பிறகு கொழும்பிலும் இதுதான் நிலைமை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூன்று மொழியும் சரளமாக வரும் பிள்ளைகளுக்கு எப்படியும் ஒரு வேலை இருந்தது. கேள்வி கேட்பவர் உண்மையில் யாருக்காகக் கேட்கிறார் என்பது நடுக் கதிரையில் இருப்பவருக்கு எப்போதும் தெரிந்திருப்பதில்லை.

கொழும்புக்கு இது பழைய கதை. 1805இல் இங்கே அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராக நியமிக்கப்பட்ட ஜோன் டொயிலி, அந்தப் பதவியில் இருந்தபடியே கண்டி இராச்சியத்துக்குள் ஒற்றர் வலை பின்னினார். 1815இல் கண்டி வீழ்ந்ததில் அந்த வலைக்குப் பெரிய பங்கு உண்டு. மொழி தெரிந்தவனையும் ஒற்றனையும் ஒரே மேசையில் இருத்தும் பழக்கம் அவ்வளவு பழையது.

உரைபெயர்ப்பாளரின் விசுவாசத்தைச் சோதிக்கும் அமைப்புகள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கின்றன: அவர் சொல்லைத் திரிக்கிறாரா, அவர் பிறப்பு என்ன. சேதம் வருவது இந்த இரண்டு வழியாலும் அல்ல என்பதே என் நிலைப்பாடு. அதற்கு நல்ல சான்று, அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்த லாரி வூ-தாய் சின்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவின் ஃபூஜோவில், அமெரிக்கப் படையின் தொடர்பு அலுவலகத்தில் சேர்ந்தவர் அவர். 1948இல் ஷாங்காய் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு மாறினார். கொரியப் போரின்போது சீனப் போர்க்கைதிகளை விசாரிக்கும் வேலை கிடைத்தது. 1952 முதல் சி.ஐ.ஏ.யின் வெளிநாட்டு ஒலிபரப்புத் தகவல் சேவையில் இருந்தார். 1981இல் ஓய்வு பெற்றபோது பதக்கமும் கொடுத்தார்கள். அத்தனை காலமும் அவர் பீக்கிங்குக்கும் வேலை செய்துகொண்டிருந்தார்.

கொரியாவில் அவர் கொடுத்தது என்ன என்பதைக் கவனியுங்கள். சீனக் கைதிகள் எந்த முகாம்களில் இருக்கிறார்கள், அமெரிக்கரும் தென்கொரியரும் கைதிகளிடம் எந்த வகைத் தகவலைத் தேடுகிறார்கள் என்ற இரண்டும்தான். இரண்டாவதுதான் கனமானது. கேள்வியைக் கேட்டாலே கேட்பவருக்கு என்ன தெரியாது என்று தெரிந்துவிடும். கைதிகளைத் திருப்பி அனுப்பும் பிரச்சினையில்தான் அப்போது போர்நிறுத்தப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் 14,000க்கும் மேற்பட்ட சீனக் கைதிகள் ஊர் திரும்ப மறுத்துத் தைவான் போனார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் முகாம் விபரம் எவ்வளவு பெறுமதியானது!

இதற்காக அவர் ஒரு வாக்கியத்தைக்கூடத் திரிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய வேலையை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தாலும் இந்தக் களவு அதில் தெரிந்திருக்காது. சீன உளவுத்துறையில் இருந்து ஒருவர் கட்சி மாறி வந்து தகவல் கொடுத்த பிறகுதான் 1985 நவம்பரில் அவரைக் கைது செய்ய முடிந்தது. 1986 பெப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை அறிவிக்கும் முன்பே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மறுபக்கம் தோக்கியோ. 1946 மே மாதம் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையில் உரைபெயர்ப்பை மூன்று தட்டாக அமைத்தார்கள். உரைபெயர்த்துச் சொன்னவர்கள் யப்பானியர். அவர்கள் சொல்வது சரியா என்று அந்த இடத்திலேயே திருத்தியவர்கள், அமெரிக்காவில் பிறந்த யப்பானிய வம்சாவளியினர் நால்வர். அவர்களுக்கும் மேலே, சர்ச்சை வந்தால் முடிவு சொல்ல வெள்ளை இன அமெரிக்க அதிகாரி. மொழி குறைவாகத் தெரிந்தவருக்குத்தான் கடைசிச் சொல். நம்பிக்கையின்மையை அப்படியே கட்டடமாக எழுப்பினால் இப்படித்தான் இருக்கும். நடுத்தட்டில் இருந்த டேவிட் இதாமி கலிபோர்னியாவில் பிறந்து ககோஷிமாவில் வளர்ந்தவர். போரின்போது அமெரிக்க இராணுவப் புலனாய்வுக்கு வேலை செய்தவர். அதே காலத்தில், 1942 பெப்ரவரியில் வந்த அமெரிக்க ஜனாதிபதி ஆணையின் பேரில், ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இதாமி 1950இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒரே காரணம் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இரு பக்கமும் சந்தேகிக்கும் கதிரையில் ஆண்டுக்கணக்காக இருத்தப்பட்டவர் அவர் என்பது மறுக்க முடியாதது.

ஆக, பிறப்பைச் சோதித்தவர்கள் உண்மையாக உழைத்தவரைச் சந்தேகித்தார்கள். சொல்லைச் சோதித்திருந்தாலும் சின் அகப்பட்டிருக்க மாட்டார். அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

முதலில் மூல ஒலி. 1945இல் பிரித்தானியர் பத்து ஜேர்மன் அணு விஞ்ஞானிகளை ஃபாம் ஹோல் என்ற வீட்டில் வைத்து ஒட்டுக்கேட்டார்கள். ஹிரோஷிமாச் செய்தியைக் கேட்டு அவர்கள் பேசியதெல்லாம் அதில் உண்டு. முக்கியம் என்று கேட்பவருக்குப் பட்ட பகுதி மட்டும் எழுத்தில் எடுக்கப்பட்டு ஆங்கிலமானது. பேச்சைப் பதிந்த, அரக்குப் பூசிய தட்டுகள் துடைக்கப்பட்டு மறுபடி பாவிக்கப்பட்டன. 1992இல் ஆவணங்கள் வெளியானபோது பெரும்பாலும் ஆங்கிலம்தான் மிஞ்சியிருந்தது. யார் எந்தத் தொனியில் என்ன சொன்னார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மூலம் இருந்தால் உரைபெயர்ப்பாளரைக் குற்றஞ்சாட்டவும் முடியும், காப்பாற்றவும் முடியும். ஒலிப்பதிவு இல்லாத விசாரணை அறையில் உட்கார வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

இரண்டாவது, கேள்விப் பட்டியல். முழுப் பட்டியலையும் முன்கூட்டியே உரைபெயர்ப்பாளரிடம் கொடுக்கக் கூடாது, ஒவ்வொன்றாகவே வர வேண்டும். ஆனால் எதுவுமே சொல்லாமல் உள்ளே கூட்டிப்போனால் ஆயுதப் பெயரும் குறிச்சிப் பெயரும் தடுக்கி வேலை கெடும். இடைவழி ஒன்று உண்டு: வரக்கூடிய பெயர்கள், சுருக்கங்கள், இடங்கள் அடங்கிய சொற்பட்டியலை மட்டும் முதல் நாள் கொடுப்பது. அதில் தேவையில்லாத பெயர்களும் கலந்திருந்தால் பட்டியலை வைத்து நோக்கத்தை ஊகிக்க முடியாது.

மூன்றாவது, அறைக்குள் இருக்கும் ஒழுங்கு. கேட்பவரும் பதில் சொல்பவரும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். உரைபெயர்ப்பாளர் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி. எதிரே இருத்தினால், தன் மொழி தெரிந்த முகத்தைப் பார்த்தே அந்த ஆள் பேசத் தொடங்கிவிடுவார். தொடங்கும் முன் இரு மொழியிலும் மூன்று விடயம் சொல்ல வேண்டும்: இங்கே பேசும் எல்லாம் மாற்றிச் சொல்லப்படும், இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், நானாகப் பதில் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கேள்வி வரும். பிளேன்டீ கொண்டுவந்து வைக்கும் நேரம் பார்த்து, குரலைத் தணித்து, “தம்பி, நீங்கள் எந்த ஊர்?” எங்கள் ஆட்களிடம் முன்பின் தெரியாதவரைக் கண்டால் இயல்பாக வரும் கேள்வி இது. அந்த அறையில் அது ஆதரவு தேடுவதாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். ஊரைச் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்தாயிற்று. பேசாமல் இருந்தால், இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள் என்று அதிகாரி குறித்துக்கொள்வார். செய்ய வேண்டியது, உடனே உரக்க, “உரைபெயர்ப்பாளரின் ஊர் எது என்று கேட்கிறார்” என்று அதிகாரிக்குச் சொல்வது. மற்ற எல்லாவற்றையும் தன்மையில் சொல்வதே முறை. இங்கே மட்டும் படர்க்கை, இல்லாவிட்டால் கேள்வி தன்னிடம் என்று அதிகாரி நினைப்பார். “இதை அவருக்குச் சொல்லாதேங்கோ” என்று வந்தாலும் இதே வழிதான்.

இரக்கத்தால் வரும் பிழை வேறு. பிள்ளையைத் தொலைத்த தாய் ஐந்து நிமிடம் அழுது சொன்னதை “அவவுக்குத் தெரியாதாம்” என்று சுருக்குவது, சிக்கலில் மாட்டக்கூடிய ஒரு பெயரை விட்டுவிடுவது. காப்பாற்றத்தான் செய்கிறோம் என்று தோன்றும். பிறகு வேறொருவர் ஒலிப்பதிவைக் கேட்டால், அந்த வித்தியாசம் சாட்சி சொன்னவரின் முரண்பாடாகவே எழுதப்படும்.

களைப்பும் இதே சேதத்தைச் செய்யும். ஜேர்மன் போர்க்குற்ற விசாரணை நடந்த நியூரம்பேர்க்கில் தலா பன்னிரண்டு உரைபெயர்ப்பாளர் கொண்ட மூன்று குழு, 85 நிமிடத்தில் ஆள் மாற்றம், வேகம் கூடினால் மஞ்சள் விளக்கு, நிறுத்தச் சிவப்பு விளக்கு என்று ஒழுங்கு இருந்தது. விசாரணை அறையில் ஒரே ஆளை அரை நாள் இருத்துகிறார்கள். முதலில் எண்கள் தவறும், பிறகு “இல்லை” விழுந்துபோகும், கடைசியில் அவரை அறியாமலே சுருக்கத் தொடங்குவார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை கேட்டு வாங்குங்கள்.

கொப்பி மேலே சுருள்கம்பி போட்டதாக இருக்கட்டும், தாள் புரட்டச் சத்தம் குறைவு. எண், திகதி, இடப்பெயர் மட்டும் எழுதுங்கள். சொல்லி முடித்த பகுதிக்குக் கீழே ஒரு கோடு. தாள்களைத் தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணி ஒப்படைத்துவிட்டே வெளியே வர வேண்டும். வீட்டுக்கு வந்த ஒரு தாள் எந்தப் பக்கத்தாருக்கும் உங்களுக்கு எதிரான சான்றாகும்.

சட்டத்தைப் பலர் யோசிப்பதில்லை. தூதரகத்தில் வேலை என்றால் தூதரகப் பாதுகாப்பு உண்டு என்று நம்புகிறார்கள். 1961 வியன்னா சாசனத்தின் 38ஆம் உறுப்புரைப்படி, உள்ளூர்ப் பிரஜையான ஊழியருக்கு அந்த நாடு விரும்பிக் கொடுக்கும் அளவுதான் விலக்கு. இலங்கையில் 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியச் சட்டமும் இருக்கிறது. கேட்டதைக் கொண்டுபோகும் ஆள் என்ற வகையில் முதலில் அகப்படுவது நீங்கள்தான்.

சர்வதேச உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் அமைப்புகள் சேர்ந்து 2012இல் வெளியிட்ட மோதற்பகுதி வழிகாட்டி, வேலையின்போதும் அதன் பின்னரும் பாதுகாப்புக் கோரும் உரிமையைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்க வேண்டும். கூடவே, உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் யார் கையில் இருக்கும், வேலை முடிந்தபின் அது என்னவாகும் என்பதையும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கருக்கு உரைபெயர்த்தவர்கள் விசேட விசாவுக்கு வேலை உறுதிக் கடிதமும் மேலதிகாரியின் சிபாரிசும் காட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்த நிறுவனம் மூடிவிட்டால், மேலதிகாரி இடம் மாறிவிட்டால், கேட்க ஆளில்லை. அதனால் வேலை நடக்கும்போதே கடிதத்தைக் கேளுங்கள்: பதவி, தொடங்கிய திகதி, முடியும் திகதி, கையெழுத்திட்டவரின் உத்தியோகபூர்வ மின்னஞ்சல். வீட்டு அலுமாரியில் வைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.