சும்மா இருக்கறதுக்கு பிரான்ஸ் வரைக்கும் போகணுமா?

கும்பலா லீவுக்கு கெளம்பும்போது எக்செல் ஷீட்டோட வர்ற ஆள் ஒருத்தர் எல்லா க்ரூப்லயும் இருப்பாரு. எங்க க்ரூப்லயும் இருந்தாரு. காலைல எட்டுக்கு கோட்டை, பத்தரைக்கு குகை, பன்னெண்டுக்கு படகுன்னு கலர் கலரா கட்டம் போட்டு வாட்ஸப்ல தட்டி விட்டாரு. நாங்க யாரும் எதிர்த்து பேசல, பேச வேண்டிய அவசியமே வரல, அந்த ஊரே அந்த ஷீட்டை கிழிச்சு போட்டுருச்சு.

ஊரு தென்மேற்கு பிரான்ஸ்ல தொர்தோன். அங்க இருக்கறவங்க பெரிகோர்னு பழைய பேரைத்தான் இன்னும் சொல்றாங்க. மஞ்ச சுண்ணாம்புக்கல் வீடு, சுத்தி வால்நட் தோப்பு, இந்த மாதிரி வாடகை வீட்டை அங்க ஜீத்னு சொல்லுவாங்க, சீசன்ல பெரும்பாலும் சனிக்கிழமைக்கு சனிக்கிழமைதான் குடுப்பாங்க. கார் இல்லாம ஒண்ணும் ஆகாது, பஸ்ஸ நம்பி போயிடாதீங்க. சின்ன ஊர்ல கடையெல்லாம் மத்தியானம் பன்னெண்டரை ஆச்சுன்னா ஷட்டர இறக்கிடுவாங்க, ரெண்டு ரெண்டரை வரைக்கும் ஈ காக்கா இருக்காது, ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு மேல சொல்லவே வேணாம், திங்கக்கெழமை பாதி கடை லீவு. ஒரு பால் பாக்கெட் வாங்கணும்னாலும் மணி பாத்துதான் கெளம்பணும். அப்புறம் என்ன, தோப்புல நாற்காலிய போட்டு உக்காந்துட்டோம். ஜூலைல ராத்திரி ஒம்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதனால அவசரமே கெடையாது.

சும்மாவே இருந்தோம்னு இல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டோம். சார்லா ஊர்ல புதன், சனி காலைல சந்தை. அங்க ஒரு பழைய சர்ச் கட்டடத்தையே காய்கறி மார்க்கெட்டா மாத்தி வச்சிருக்காங்க, ஆர்க்கிடெக்ட் ழான் நூவெல் போட்ட பிரம்மாண்டமான கதவு இருக்கு, அத பாக்கவே போலாம். சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அந்த ஏரியாவே வாத்து ராஜ்ஜியம். உருளைக்கிழங்கு சார்லாதேஸ்னு மெனுவுல இருக்கும், பூண்டு வாசனை ஆள தூக்கும், உருளைதானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, அது வாத்து கொழுப்புல வறுத்தது. ஆட்டுப்பால் சீஸ், வால்நட் கேக், ஸ்ட்ராபெரி, இத வச்சே ஓட்டலாம், எங்க சைவ கோஷ்டி நல்லா வெயிட் போட்டுத்தான் திரும்பிச்சு.

கனூ படகு மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க. வித்ராக் பக்கம் ஏறினா தொர்தோன் ஆறே உங்கள இழுத்துட்டு போயிடும், பெருசா துடுப்பு போட வேணாம். செல்போன், செருப்பு, பிஸ்கட் எல்லாத்தையும் போட்டு திருகி மூடறதுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுப்பாங்க. பாறைய ஒட்டி தொங்கற லா ரோக் கஜாக் ஊர தாண்டினதும் எதிரெதிர் கரைல காஸ்தெல்நோ கோட்டையும் பேனாக் கோட்டையும் வரும். நூறாண்டுப் போர்ல ஆத்துக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன்னு மொறச்சுகிட்டு நின்ன எடம், இப்ப நடுவுல நாம பிஸ்கட் தின்னுக்கிட்டே மெதக்கறோம்.

ஆதிமனுஷங்க சுவத்துல ஓவியம் வரைஞ்ச லாஸ்கோ குகைக்குத்தான் வீட்ல பெரிய விவாதம். ஒரிஜினல 1940ல பசங்க கண்டுபிடிச்சாங்க, கூட்டம் விட்ட மூச்சுலயே ஓவியம் கெட ஆரம்பிச்சதால 1963ல மூடிட்டாங்க. இப்ப காட்டறது 2016ல தெறந்த நகல். "டூப்ளிகேட்டுக்கு டிக்கெட்டா"ன்னு ஒரு கோஷ்டி வரமாட்டேன்னுடுச்சு. போனவங்க அஞ்சு மீட்டருக்கு மேல நீளமான அந்த காளைய பாத்துட்டு வந்து சொன்னதும், அடுத்த நாள் அந்த கோஷ்டியே தனியா போயிட்டு வந்துச்சு. நகலா இருந்தாலும் வரைஞ்ச கை சாதாரண கை இல்லீங்க.

ஆனா எனக்கு டாப்னா சாயங்கால பெத்தாங்க் வெளையாட்டுதான். சரளை தரைல இரும்பு குண்ட வீசி சின்ன மரக்குண்டு பக்கத்துல விழ வைக்கணும், 13 பாயிண்ட். ஃப்ரெண்டோட அம்மா ஒருத்தங்க, மொத நாள் "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்"னு ஓரமா உக்காந்தவங்க, மறுநாள் சேலை முந்தானைய இடுப்புல சொருகிட்டு எறங்கிட்டாங்க. தூரம் அளக்க துடைப்பக் குச்சிய எடுத்துட்டு வந்து, "தம்பி, கண்ண தொறந்து பாரு, என் குண்டுதான் கிட்ட"ன்னு எக்செல்காரர ஒரு கேம் விடாம தோக்கடிச்சாங்க. மனுஷன் அதுக்கப்புறம் லேப்டாப்பையே தொறக்கல, பிராக்டீஸ் பண்ண ஆரம்பிச்சிட்டாரு.

கெளம்பற சனிக்கிழமை காலைல சீக்கிரமே வீட்ட காலி பண்ணணும், கண்ணாடி பாட்டில தனியா பிரிச்சு தெருவுல இருக்கற தொட்டில போடணும், அடுப்பு தொடைக்கணும், ஒரே ஓட்டம். பாதி மிஞ்சின வால்நட் எண்ணெய் பாட்டில் யாருக்குன்னு சண்டை வந்துச்சு. அந்த அம்மா எதுவும் பேசல, மூடிய இறுக்கி தன் பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க, ஜெயிச்சவங்களுக்குத்தானாம்.