அடங்கலில் இல்லாத கொரங்காடு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரிலிருந்து இட்டேரி வழியாக, அதாவது இரண்டு வேலிகளுக்கு நடுவில் போகும் தடத்தில், மேற்கே கால் மணி நேரம் நடந்தால் பதினான்கு ஏக்கர் கொரங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் காடு, வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு காலை, சொசைட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது: "மேக்காட்டுல சைட் போடறாங்களாமா, வேலியப் பிரிக்கறாங்க." நானும் அப்பாவும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் முப்பதடிக் கிளுவை வேலியை ஜேசிபி பிடுங்கிப் போட்டிருந்தது. ஒடிந்த கொம்புகளில் பால் வடிந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற காடு. எங்களுக்கு அது வருமானம். முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காட்டை மூன்று நான்கு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்து மற்றதை ஆறப்போடுவார்கள். வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்கிற பூமி இது. வெள்ளாமை கைவிட்ட வருடத்திலும் ஒரு மழைக்கே துளிர்த்துவிடும் அந்தப் புல். புல் காய்ந்த கோடையில் வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கேயம் மாடு இப்படிப்பட்ட காட்டில் நடந்து நடந்துதான் அந்த உடம்பை வாங்கியது. கண்ணபுரம் சந்தைக்கு மாடு பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

காடு எங்களுடையதில்லை. கோயமுத்தூரில் இருக்கும் அண்ணன் தம்பி இருவருக்குப் பாத்தியப்பட்டது. நாங்கள் வருடக் குத்தகைக்கு மேய்த்துக்கொண்டிருந்தோம். போனில் பேசினேன். "பொண்ணு படிப்புக்குப் பணம் வேணும் அம்மணி, புல்லு விக்கறதுல அது வருமா?" என்று மூத்தவர் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிலம், அவர் விற்கலாம். ஆனால் வீட்டுமனையாக மாற்றுவதற்கு அவர் சம்மதம் மட்டும் போதாது என்பதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் மனுவைத் தப்பாக எழுதினேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், நாற்பது பேர் கையெழுத்தோடு, பசுமை, பாரம்பரியம், மாட்டினம் என்று இரண்டு பக்கம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: நிலம் தனியார் பட்டா, மனு முடித்துவைக்கப்பட்டது. ஒரு சர்வே எண்கூட அந்த மனுவில் இல்லை. எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்றும் நான் எழுதவில்லை. படிக்கிறவர் வேறு என்ன பதில் எழுத முடியும்?

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். "மொதல்ல அ பதிவேடும் புலப்படமும் எடு. காட்டைப் பத்திக் காயிதம் என்ன சொல்லுதுன்னு பாரு" என்றார். அ பதிவேடு என்பது நிலம் யாருடையது, என்ன வகை என்று சர்வே எண் வாரியாகச் சொல்லும் கணக்கு. புலப்படம் அளந்து வரைந்த நில வரைபடம். இரண்டுமே அரசின் இணையதளத்தில் செலவில்லாமல் கிடைக்கின்றன. புலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காட்டுக்கு நடுவே தெற்கு வடக்காக இரண்டு கோடுகள் ஓடின. தனி உட்பிரிவு எண். அ பதிவேட்டில் அதற்கு நேராக "ஓடைப் புறம்போக்கு" என்று இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம் அது. தண்ணீர் ஊர்க்குட்டையில் போய் விழும். குட்டைக்குப் பக்கத்தில்தான் ஊராட்சியின் குடிநீர் போர்வெல்.

சட்டம் இப்படி இருக்கிறது. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு வேண்டும். அதற்கான விதிகள் 2017இல் வந்தன. வேளாண்மை இணை இயக்குநரிடமும் கருத்துக் கேட்பார்கள். ஓடை ஓரமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் தேவை. 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்ட மனை அங்கீகாரம் இல்லாமல் பத்திரப் பதிவுக்குப் போகாது. அதனால் மனை போடுகிறவர்கள் இந்தக் கதவுகளை எல்லாம் தட்டித்தான் ஆக வேண்டும். கல் நட்டு மனை விற்ற பிறகு போனால், எதிரே நிற்பது வீடு கட்ட நகையை அடகுவைத்துப் பணம் கட்டிய குடும்பமாக இருக்கும். போவதானால் அதற்கு முன்னால் போக வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஓடையைப் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தோம். அங்கே நடந்ததுதான் இந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் எழுந்து, "அங்க சைட் வந்தாத்தான் என் ரெண்டு ஏக்கருக்கும் ரேட்டு ஏறும். எம் புள்ளைக்கு நீ கல்யாணம் பண்ணி வைப்பியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஆன ஓர் ஆத்தாதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "சைட்டு போடட்டும் சாமி. பள்ளத்த மூடாதீங்க. குட்டைக்குத் தண்ணி வேற எந்த வழியா வரும்?" அதற்குப் பிறகு அந்த அண்ணனும் கையெழுத்துப் போட்டார். "மனை கூடாது" என்று எழுதியிருந்தால் பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள். "ஓடையையும், அதைத் தாண்டி மேற்கே போகும் வண்டிப்பாதையையும் அளந்து கல் நட வேண்டும், அதுவரை இசைவு தரக் கூடாது" என்றுதான் எழுதினோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தேன். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் எதுவும் நின்றுவிடாது. ஆனால் கோப்பில் அது இருந்தால் யாரும் பார்க்காத மாதிரி தாண்டிப் போக முடியாது.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மனைப்பிரிவுக் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாள் கெடு. இருபத்தெட்டாவது நாள் கவர் வந்தது. சமையல்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். 190 மனைக்கு வரைபடம். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் முப்பதடி ரோடு. அதைவிட அடிவயிற்றில் பட்டது அடங்கல் நகல். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் வருவாய்க் கணக்கு அது. வருடா வருடம், ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும், அந்தப் பதினான்கு ஏக்கருக்கும் நேராக ஒரே வார்த்தை: தரிசு. "பல ஆண்டுகளாகச் சாகுபடி இல்லாத நிலம்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். அடங்கல்படி அது பொய் இல்லை. எங்கள் மாடு மேய்ந்ததும், கன்று செவலையாக, செந்நிறத்தில், பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறியதும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதற்கும் சாட்சி தேடினேன். சொசைட்டியின் பால் கணக்கு அட்டை, கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்ட சீட்டு, குத்தகைக் காசு போட்ட பேங்க் பாஸ்புக். எல்லாவற்றையும் சேர்த்து ஆட்சியருக்கும் வேளாண்மை இணை இயக்குநருக்கும் நீர்வளத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்த முறை மனு ஒரே பக்கம். மேலே சர்வே எண், கீழே மூன்று கோரிக்கை.

மார்கழியில் கூட்டாய்வுக்கு வந்தார்கள். சர்வேயர், மணியகாரர் (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர். மனை போடும் நிறுவனத்தின் ஆள் "இங்க ஓடையே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளத்தில் பாதியை அதற்குள் மண் தள்ளி மூடியிருந்தார்கள். சர்வேயர் யாரோடும் பேசவில்லை. புலப்படத்தைப் பார்த்து, எண்ணி நடந்து, மிச்சமிருந்த கிளுவை வேலியின் தூரில் நின்றார். "இங்க கொத்துங்க" என்றார். அப்பா கடப்பாரையால் கொத்தினார். ஒன்றரை அடி ஆழத்தில் ணங்கென்றது. வேர் சுற்றிப் பிடித்திருந்த கருங்கல். வேரை அறுத்து மண்ணைக் கையால் துடைத்தபோது, தலையில் வெட்டிய குறி தெரிந்தது. பழைய சர்வே கல். அங்கிருந்து அளந்தால் ஓடையின் கரை, முப்பதடி ரோட்டின் நடுவில் வந்து நின்றது. அப்பா அந்தக் கல்லின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் வரைபடத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஓடைக்கு மேற்கே போக வண்டிப்பாதையைத் தவிர வழி இல்லை. பாலம் கட்டுவதானால் தனி அனுமதி, தனிச் செலவு. அதனால் மேற்கே ஆறு ஏக்கரை விட்டுவிட்டுக் கிழக்கே எட்டு ஏக்கருக்கு மட்டும் மறுபடி விண்ணப்பித்து, அடுத்த ஆடியில் அங்கீகாரம் வாங்கினார்கள். 108 மனை. ரோடும் பூங்காவும் ஊராட்சிக்குத் தானமாக எழுதப்பட்டுவிட்டன. ஓடைக்கு இரண்டு பக்கமும் புதுக் கல் நட்டார்கள். தள்ளிய மண்ணை அள்ளவைக்க மட்டும் இன்னும் இரண்டு மனு ஆனது.

எட்டு ஏக்கர் போய்விட்டது. மேல்மண்ணைச் சுரண்டிய இடத்தில் கொழுக்கட்டைப் புல்லின் தூரே இல்லை. அந்தப் பக்கம் போனால் அப்பா பேச மாட்டார். மீதி ஆறு ஏக்கரை அண்ணன் தம்பி மறுபடி எங்களுக்கே மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறார்கள். பிடுங்கிய முப்பதடியில் நாங்கள் நட்ட கிளுவைக் கொம்பு இடுப்பளவு தழைத்திருக்கிறது. ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் வந்து குட்டை முக்கால்வாசி நிரம்பியது.

இந்த வருட ஜமாபந்தியில், வருடம் ஒருமுறை கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருவாய்த் தீர்வாயத்தில், ஒரு மனு கொடுத்தேன். அந்த ஆறு ஏக்கருக்கு அடங்கலில் "தரிசு" என்று எழுதாமல் "தீவனப் புல், மேய்ச்சல்" என்று எழுத வேண்டும் என்று. ரசீது கையில் இருக்கிறது. பதில் வரவில்லை. வாரம் ஒருநாள் மணியகாரரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.