அகத்திக்குப் போகும் ஸ்கூபா சாமான்: 15 கிலோவுக்குள் அடுக்குவது எப்படி

மதுரையிலிருந்து லட்சத்தீவின் அகத்தித் தீவுக்கு டைவ் செய்யப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓடுபாதையின் நீளம். மதுரை விமான நிலையத்தில் 2,286 மீட்டர். அகத்தியில் சுமார் 1,200 மீட்டர்தான், அதற்கப்புறம் கடல். கொச்சியிலிருந்து அங்கே பறப்பது ஏடிஆர் 72 ரக டர்போபிராப் விமானம். குட்டை ஓடுபாதை என்பதால் ஒவ்வொரு முறையும் எடையைக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். வானிலை கெட்டுப்போய் இறங்க முடியாவிட்டால் திரும்பி வருவதற்கான எரிபொருளும் அந்தக் கணக்கில் சேரும். வெயில் ஏறினால் காற்று லேசாகி இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும். மழை பெய்திருந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். அன்றைக்கு எடை இடிக்கிறது என்றால் முதலில் கீழே நிற்கப்போவது உங்கள் பெட்டி. அடுத்த விமானத்தில் வந்து சேரும். ஆனால் அதற்குள் உங்கள் முதல் நாள் டைவ் போயிருக்கும்.

அதனால் சாமானைப் பிரிக்கும்போது ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெட்டி வராமல் போனாலும் மறுநாள் காலையில் தண்ணீரில் இறங்க முடிய வேண்டும். டைவ் சென்டரில் வாடகைக்கு வாங்கினாலும் பரவாயில்லை என்பது பெட்டிக்குள் போகலாம். வாடகைச் சாமானை நம்ப மனம் வராதது எல்லாம் கையோடு வர வேண்டும்.

ஏடிஆரில் கேபின் பைக்கு 5 கிலோ என்றே வைத்துத் திட்டமிடுங்கள். டிக்கெட்டில் 7 கிலோ என்று இருந்தால் லாபம். செக்-இன் 15 கிலோ. இந்த 20 கிலோவுக்குள் முழு செட்டும் அடங்கும், ஆனால் கிராம் கிராமாகப் பார்க்க வேண்டும். சிலிண்டரில் மாட்டும் முதல் நிலை, வாயில் வைக்கும் இரண்டாம் நிலை, உதிரி வாய்முனையான ஆக்டோபஸ், காற்றழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் எல்லாம் பூட்டிய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) 3 கிலோ வரும். மாஸ்க் 300 கிராம், ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கும் டைவ் கம்ப்யூட்டர் 150, பேட்டரியோடு டார்ச் 400. மொத்தம் 3 கிலோ 850 கிராம். அரைக் கிலோ எடையுள்ள சாதாரண முதுகுப்பையில் இவற்றைப் போட்டால் 4.35 ஆகிறது. மிச்சமிருக்கும் 650 கிராமில் மாத்திரை, லட்சத்தீவு நுழைவு அனுமதிச் சீட்டு, போன் சார்ஜர் எல்லாம் அடங்கிவிடும். செக்-இன் பக்கம் பயணத்துக்கென்று வரும் லேசான பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) 2.5, ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) 2, 3 மி.மீ. வெட்சூட் 1.3, பூட்ஸ் 700 கிராம், மிதவையும் ரீலும் அரைக் கிலோ, ஸ்நார்க்கல் 200 கிராம். கூட்டினால் 7.2. பை 2 கிலோ என்றால் துணிமணிக்கு இன்னும் 5.8 கிலோ இருக்கிறது. இதையே சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியில் அடுக்கினால் பெட்டி மட்டுமே 4.5 கிலோ தின்றுவிடும். டஃபிள் பைதான் சரி. ஏடிஆரின் சின்னச் சரக்கறையில் நெளிந்துகொடுத்து உட்காருவதும் அதுதான்.

உங்களிடம் இருப்பது 4 கிலோ ஜாக்கெட் பிசிடி என்றால் அதை வீட்டில் வைத்துவிட்டு அங்கே வாடகைக்கு எடுங்கள். சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியவற்றில் பிசிடிக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் ஒரு டைவையே கெடுத்துவிடும், அதனால் அது முதலில். முந்தைய நாள் டைவ் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அது இரண்டாவது. பிறகு ரெகுலேட்டர், வெட்சூட், ஃபின்ஸ் என்று வரிசை போகும். மூழ்க உதவும் ஈயக்கட்டியையும் சிலிண்டரையும் யாரும் தூக்கிப் போக வேண்டியதே இல்லை, டைவ் சென்டரில் கொடுப்பார்கள். காற்று அடைத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். கிளம்பும் முன் பிசிடியின் ஈயப் பாக்கெட்டுகளில் கையை விட்டுப் பாருங்கள். போன தடவை போட்ட 1 கிலோ கட்டி அங்கேயே கிடப்பது சகஜம்.

ரெகுலேட்டரை மடக்கி வைப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஹோஸ் பித்தளை முனையைச் சந்திக்கும் இடத்தில் மடங்கினால் உள்ளே இழை நைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் நிலையை நடுவில் வைத்து, ஹோஸ்களைச் சுற்றிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுற்றுங்கள். கேஜின் கண்ணாடியைக் காலுறைக்குள் திணியுங்கள். மவுத்பீஸ் நசுங்காமல் மேலே வரட்டும். இரண்டாம் நிலையில் மூச்சு இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இருக்கையில் பள்ளம் விழுந்து, தண்ணீரில் இறங்கியதும் காற்று ஒழுகத் தொடங்கும். சிலிண்டரில் திருகி மாட்டும் டின் வகை ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள், கவ்விப் பிடிக்கும் யோக் வகைக்கான அடாப்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவுச் சிலிண்டர்கள் பெரும்பாலும் யோக் வால்வோடுதான் இருக்கும். டின் முனைக்கு 112 அளவு ஓ-ரிங் (காற்று ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), யோக் வால்வுக்கு 014. இரண்டிலும் நாலைந்து, ஒரு மாஸ்க் ஸ்ட்ராப், ஒரு ஃபின் ஸ்ட்ராப், ஒரு மவுத்பீஸ், அதைக் கட்ட இரண்டு ஜிப் டை. எல்லாம் சேர்த்து 200 கிராம்கூட வராது. ஆனால் 10 ரூபாய் ஓ-ரிங் இல்லாமல் படகில் உட்கார்ந்திருக்கும் நிலை வராது.

கத்தி, ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பைக்கு. பாதுகாப்புச் சோதனையில் ரெகுலேட்டரைத் தனித் தட்டில் வையுங்கள். எக்ஸ்ரேயில் ஹோஸும் உலோகமும் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் பையைத் திறக்கச் சொல்வது அவர்கள் வேலை. ‘ஆக்ஸிஜன்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள், உடனே பேச்சு சிலிண்டர் பக்கம் போய்விடும். “கடலுக்குள்ள மூச்சு விடுற வால்வு சார், சிலிண்டர் எதுவும் கொண்டு போகல” என்று சொல்லி, கேஜின் முள் பூஜ்யத்தில் நிற்பதைக் காட்டுங்கள். தண்ணீருக்கடியில் அதை வாயில் வைத்திருக்கும் படம் ஒன்று போனில் இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன் பைக்குள் போகவே கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 3.6 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர்-மணி செல் என்றால் 18 வாட்-மணி. 100 வரை கேபினில் சாதாரணமாக விடுவார்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரி என்றால் அதிகபட்சம் இரண்டு. டைவ் டார்ச் தண்ணீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்யப்பட்டது. பைக்குள் தவறுதலாக எரிந்தால் துணியைப் பொசுக்கிவிடும். அதனால் செல்லைக் கழற்றி, இரு முனையிலும் டேப் ஒட்டி, தனிச் சின்னப் பையில் போடுங்கள். தனிப் பை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு ஆழம் குறைவு. பை உள்ளே போகவில்லை என்றால் படிக்கட்டருகே வாங்கிப் பின்னால் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் செல் பையையும் கம்ப்யூட்டரையும் சட்டென்று உருவிக் கையில் வைத்துக்கொள்ள முடிய வேண்டும். கேமரா ஹவுசிங் இருந்தால் அதன் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மூடுங்கள். காற்று புகாமல் மூடிய ஹவுசிங் அழுத்த மாற்றத்தில் இறுகிப்போய், தரையிறங்கியதும் திறக்க வராமல் அடம்பிடிக்கும்.

மதுரையிலிருந்து கொழும்பு வழியாக மாலத்தீவு போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பெரிய விமானத்தில் 30 கிலோ கொடுத்தார்கள் என்று நிரப்பிக்கொண்டு போய், மாலேயில் கடல் விமானத்துக்கு 20 கிலோவும் கைப்பைக்கு 5 கிலோவும் என்று கேட்டதும் கூடுதல் கட்டணம் கட்டுவார்கள். வழியில் எந்த விமானம் சின்னதோ அதன் அளவைத்தான் வீட்டிலேயே பார்க்க வேண்டும். கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கவுண்டரில் வாங்கினால் விலை கூடும்.

திரும்பும் நாளை, டிக்கெட் போடும்போதே தீர்மானியுங்கள். டைவ் முடிந்ததும் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். விமான கேபினுக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் மலை உச்சி அளவுக்குக் குறையலாம். அந்த நேரத்தில் நைட்ரஜன் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் தங்கினால் ஆபத்து. டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது: டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும்போது நைட்ரஜன் வெளியேற நடுவில் நிற்பது) தேவைப்படாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18, டிகம்ப்ரஷன் டைவ் என்றால் 18-ஐ விட நன்றாகவே அதிகம். நான் 24 என்றுதான் சொல்வேன். அகத்திப் பயணம் சின்னது, விமானம் தாழ்வாகப் பறக்கும் என்று கணக்குப் போட்டு இதைக் குறைக்காதீர்கள்.

இந்த விதி 600 மீட்டருக்கு மேல் எங்கே ஏறினாலும் பொருந்தும். நம் ஊர்க்காரர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். காலையில் ராமேஸ்வரம் பக்கம் டைவ், மதியம் மதுரையில் சாப்பாடு, சாயங்காலம் கொடைக்கானல் என்று குடும்பத்தோடு திட்டம் போடுவார்கள். மதுரை வரை ஒன்றுமில்லை, சமவெளி. கொடைக்கானலோ 2,100 மீட்டர். காட் ரோட்டில் வளைந்து வளைந்து ஏறும்போது நிகழ்வது விமானத்தில் நிகழ்வதேதான், உதவிக்கு ஆள்தான் பக்கத்தில் இருக்காது. கொடைக்கானலை முதலில் முடித்துவிட்டு, கடலைக் கடைசியில் வையுங்கள்.

கடைசி நாள் டைவ் இல்லாத அந்த நேரம் சாமான் உலரவும் உதவும். ஈரச் சாமான் 2 கிலோ வரை எடை கூட்டும். பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வைத் திறந்தால் அரை லிட்டர் கடல் நீராவது வடியும். அதுவே அரைக் கிலோ.

வீட்டுக்கு வந்ததும் போர் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மதுரையில் பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. கடல் உப்பைக் கழுவப் போய் வால்வில் வெள்ளைப் படிவம் ஏறும். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு பக்கெட் பிடித்து, முதல் நிலையின் தூசி மூடியை நன்றாக இறுக்கி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறும்போது இரண்டாம் நிலையின் முகப்பிலுள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தக் கூடாது, அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக மேலேறிவிடும். பிசிடிக்குள்ளும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, பாதி காற்று நிரப்பித் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம். சித்திரை வெயிலில் கிடந்தால் மாஸ்க்கின் சிலிக்கோன் மஞ்சளாகத் தொடங்கும், வெட்சூட்டின் நியோபிரீன் விறைக்கும். மாடிப்படிக்குக் கீழேயோ நடையிலோ, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் உலரட்டும். வெட்சூட்டை மட்டும் முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி காயப்போட்டு, மறுநாள் திருப்பிப் போடுங்கள்.