இருந்துச்சாமே

"சார், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சாமே?"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்து எட்டு மாதம் கழித்து, வேலை கிடைத்த இனிப்போடு துறைக்கு வந்த என் ஆய்வு மாணவி போகிற போக்கில் கேட்டார். 'இருந்துச்சே' என்றிருந்தால் சண்டை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். 'இருந்துச்சாமே' என்றார். யாரோ சொன்னார்கள், நீங்கள் இல்லை என்றால் நம்பிவிடுகிறேன் என்பதெல்லாம் அந்த 'ஆமே'யில் இருந்தது.

"அதெல்லாம் எழுதிக் கேக்கணும்மா, சும்மா வந்துராது" என்றேன். பொய் இல்லை. பதிலும் இல்லை.

அவர் 2017-இல் பகுதிநேரமாகச் சேர்ந்தவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 விதிப்படி ஆய்வை முடிக்க ஆறு ஆண்டு உச்சவரம்பு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தரலாம். எனக்கு இது மனப்பாடம். ஆறாவது ஆண்டில் நான்கு மாதம் மிச்சமிருந்தபோது, கடைசி இயல் பாதியில் நின்றது. ராமநாதபுரம் கண்மாய்களில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிகளைப் பற்றியது. பதினொரு பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். நாலு பேருடையதைத்தான் எழுத்தாக்கியிருந்தார். மற்ற இயல்களை யார் வேண்டுமானாலும் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். இது அப்படி இல்லை.

"இதைத் தூக்கிரும்மா. இருக்கறத வச்சு சினாப்சிஸ் போட்டு ஆய்வேட்ட முடிச்சிரலாம். அப்புறம் புத்தகமா எழுதிக்க."

"சரி சார்."

கூடுதல் ஆண்டுகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்றால், நீட்டிப்பு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் நிம்மதியில் போகும், இரண்டாவது வருடம் குற்றவுணர்ச்சியில் போகும். அப்படி என்னிடம் இருந்த ஒருவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் பந்தி மாறி உட்காருகிறார். இவருக்கோ தனியார் கல்லூரி வேலை, கைக்குழந்தை, கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வுகளில் நெட்டும் இல்லை செட்டும் இல்லை. பட்டம் வந்தால்தான் அடுத்த கதவு. வந்தது, கதவும் திறந்தது. இனிப்பு என் மேசையிலேயே இருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் விதியைச் சொல்லிவிட்டு, "வேண்டாம்மா, முடிச்சிரு" என்று வற்புறுத்தியிருக்கலாமே. சொன்னால் கேட்கமாட்டார் என்று நினைத்தேனா, அல்லது கேட்காமலிருக்க அவருக்கு நியாயமான காரணம் இருந்தது என்று எனக்கே தெரியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு ஆய்வாளர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம். என்னிடம் எட்டும் நிரம்பியிருந்தது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிய ஒரு பையன் இடம் கேட்டு அந்த வாரம்தான் வந்து போயிருந்தான். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டார்: "கண்மாயப் பத்தி இவ்வளவு எழுதிட்டு, மடை தொறக்குறவங்களப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" மாணவி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "அது ஆய்வெல்லைக்கு வெளியே சார்" என்று. அவரும் அதையே திருப்பிச் சொன்னார், நன்றாகவே சொன்னார். ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்காவில் இப்போது யார் திறந்து பார்த்தாலும் அந்த ஆய்வேட்டில் ஐந்து இயல்கள்தான்.

இனிப்பு கொடுத்த அன்று, பேச்சை மாற்றத்தான், "அந்தப் பேட்டியெல்லாம் எழுதிட்டியா?" என்றேன்.

"போன் மாத்துனதுல கொஞ்சம் போயிருச்சு சார்."

போன மாதம் இன்னொரு மாணவிக்கு ஆறாவது ஆண்டு முடிய ஐந்து மாதம் இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் வேலையாக அந்த இரண்டு ஆண்டைப் பற்றிச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று நாலு முறை சொன்னார்.

மூன்று வாரமாக ஆளைக் காணோம்.